கிடாயைக் கேட்காதே

பெண் கொடுப்பதோ, கிணறு வெட்டுவதோ, எங்கள் குடும்பத்தில் எதுவானாலும் கிடாயைத்தான் கேட்போம். மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். உடம்பை உதறினால் அம்மன் சம்மதம். அங்கேயே வெட்டிக் கறிச்சோறு. உதறாவிட்டால் கிடாய்க்கு ஆயுசு கெட்டி.

அண்ணன் கந்தவேலுக்கு வயிற்றுவலி வந்தபோதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கிடாயைத்தான் கேட்டார்கள். அது உதறி முடிப்பதற்குள் அண்ணனுக்கு உள்ளே குடல் வெடித்துவிட்டது.

எழுபத்தெட்டாம் வருஷம் எனக்கு நெஞ்சு பிடிக்கத் தொடங்கியது. எனக்குச் சாக இஷ்டமில்லை. பொண்டாட்டி காளியாத்தாளிடம் முன்கூட்டியே சொன்னேன்.

"நான் பேச்சு மூச்சில்லாம உழுந்தா கெடாயக் கேக்காதே. நேரா சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ."

"அம்மனக் கேக்காம எப்படிங்க?" என்றாள். பிறகு யோசித்து, "கெடாயக் கேக்க வேண்டாம்னா அதுக்கும் அம்மன் சம்மதம் வேணுமில்லீங்க? அதைக் கெடாயவே கேட்டுப்புடலாம்."

இவளோடு யார் மல்லுக்கட்டுவது? ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்திலிருந்து மச்சான் வேலுமணி லாரியோடு வந்தான். பங்காளிகள் கறிக்குத் தூக்குப்போசியோடு வந்தார்கள். ஒரு சொம்பு ஊற்றினார்கள். அசையவில்லை. இன்னொன்று ஊற்றினார்கள். கிடாய் தன் கழுத்து மாலையைக் கடித்து மென்றது.

"காதுல ஊத்துங்கடா!" என்றேன். ஊற்றியவர்கள்தான் நனைந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "ஒதறித் தொலையேன்!" என்று கத்திய வேகத்தில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. விழுந்தேன்.

கண் திறக்க முடியவில்லை, காது மட்டும் கேட்டது.

"லாரிய எடுக்கட்டுமாக்கா?" என்றான் வேலுமணி.

"கெடா இன்னும் ஒதறலியேப்பா," என்றார் ஒரு பங்காளி. "இன்னொரு சொம்பு ஊத்திப் பாப்போம்."

அண்ணன் கதைதான் எனக்கும் என்று பயந்தேன். அதோடு காதும் அடைத்துவிட்டது.

கண் விழித்தபோது சேலத்து ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கத்தில் காளியாத்தாள்.

"கெடா ஒதறுச்சா?"

"ஒதறுச்சுங்க," என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "நீங்க உழுந்ததுமே நல்லா ஒதறுச்சு."

அம்மன் கைவிடவில்லை என்று படுத்தபடியே கும்பிட்டேன்.

வீடு திரும்பி லாரியை விட்டு இறங்கினால், கட்டுத்தறியில் அதே கிடாய் சோளத்தட்டு தின்றுகொண்டு நிற்கிறது. காளியாத்தாள் என் முகத்தைப் பார்க்காமல் அதற்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.



"தட்டு இன்னுங் கொஞ்சம் போடு புள்ள," என்றேன்.