இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

அறிவிப்புக்காரியின் வலது கால் விரலோரத்தில் ஒரு புண் இருந்தது. சபையில் அதை யாரும் புண் என்று சொல்வதில்லை. அதற்கு "ஜெயம்" என்று பெயர்.

"ஜெயம் எப்படிக்கா இருக்கு?" என்று ஞாயிற்றுக்கிழமை வாசலில் கேட்பார்கள்.

"நாளுக்கு நாள் பெருசாயிட்டே வருது."

"அல்லேலூயா!"

புதுச் செருப்பு கடித்த இடம் அது. சாதாரண உடம்புக்கு வாரத்தில் ஆறியிருக்கும். அவளுக்குச் சர்க்கரை. அதையும் சொல்லக் கூடாது. மாத்திரை விழுங்குவது நோய்க்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி என்று பாஸ்டர் சொன்ன நாளிலிருந்து, மாத்திரைகள் அலமாரியின் மேல்தட்டில் எட்டாத இடத்தில் கிடந்தன.

அவளுக்கு வேலை பேருந்து நிலையத்தில், மைக்குக்கு முன்னால். எந்தப் பேருந்து எந்த மேடைக்கு வரும், எது வராது என்று ஊருக்கெல்லாம் சொல்வது. நல்ல குரல். "வண்டி பழுது காரணமாக இயங்காது" என்று அவள் சொன்னால், ஏமாந்தவனுக்குக்கூடக் கோபம் வராது. அப்படிப்பட்டவள் இப்போதெல்லாம், "ஆற்றுப்பாலம் வழியாகச் செல்லும் பேருந்து விசுவாசத்தில் வந்துகொண்டிருக்கிறது" என்று அறிவித்தாள். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மத்தியானம்வரை காத்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடித் தடுப்பைத் தட்டிக் கேட்டார்: "ஏம்மா, விசுவாசம் இப்ப எந்த ஸ்டாப்ல நிக்குது?"

நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி ஏதாவது சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிட்டுக் கழிப்பறை வாசலில் உட்காரவைத்துவிடுவேன் என்றார். அவள் அதை "பதவி மாற்றத்துக்கான ஆசீர்வாதம்" என்று சபையில் சாட்சி சொன்னாள்.

இதெல்லாம் புது பாஸ்டர் வந்த பிறகு. பழைய பாஸ்டர் ஓய்வுபெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். அவருடைய பிரசங்கம் காய்ந்த ரொட்டி. தொண்டையில் இறங்காது. ஆனால் ரொட்டி. புதியவர் வந்ததும் முதல் வேலையாக, வாராவாரம் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை ஜெபத்தைத் தூக்கினார். "பாவி, பாவின்னு வாயால சொல்லிட்டே இருந்தா எப்படி விளங்குவீங்க? வாயில என்ன வருதோ அதுதான் வாழ்க்கையில வரும்!" ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஆராதனையும் சீக்கிரம் முடிந்தது.

ஒன்றைத் தூக்கினால் அதன்மேல் இருப்பதெல்லாம் சரியும் என்று யாரும் யோசிக்கவில்லை. இயேசுவின் சாவை நினைவுகூரும் திருவிருந்து நாளில் அப்பத்தைக் கையில் எடுத்த பாஸ்டர், "மரித்தார்" என்று சொல்லவேண்டிய இடத்தில் திக்கினார். அது நல்ல வார்த்தை இல்லையே. கடைசியில், "ஒரு வெள்ளிக்கிழமை ஆண்டவர் நமக்காக ஒரு காரியம் பண்ணினார்" என்று முடித்தார்.

புதிதாக வந்திருந்த ஒரு பெண் அறிவிப்புக்காரியின் காதில் கேட்டாள்: "என்ன காரியம்க்கா?"

"நல்ல காரியம்தான்."

அறிவிப்புக்காரி அசடு இல்லை. இதே சர்க்கரையால் அவள் அப்பாவுக்குக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எப்படி ஆரம்பித்து எங்கே முடியும் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பயத்தில் ராத்திரி தூக்கம் கிடையாது. வாயால் சொல்லாதவரை அது வராது என்று ஒரு மனுஷன் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால், பயந்தவள் அதைத்தான் பிடித்துக்கொள்வாள்.

அவளுடைய தம்பி லிப்ட் மெக்கானிக். கட்டாயப்படுத்தி ஒருமுறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

"என்ன பண்ணுது?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"வந்தேன்."

டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "கால் போயிடும்க்கா. அப்பாவுக்குப் போன மாதிரி போயிடும். வாயைத் திறந்து வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன். உனக்கு என்ன கேடு?"

"எனக்கு ஒரு கேடும் இல்லடா. அதைத்தான் சொல்லிட்டே இருக்கேன்."

சபை கூடும் கூடம் ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. கீழே கண்ணாடிக் கடை, அதற்கு மேலே தட்டச்சுப் பள்ளி, இரும்புக் கிராதிக் கதவு போட்ட ஒரு லிப்ட். அந்த லிப்ட் தம்பியின் பொறுப்பு. சனிக்கிழமை அதில் ஏதோ கடகடவென்று சத்தம் கேட்கவே, திங்கட்கிழமை புது உதிரிப்பாகம் வரும்வரை யாரும் ஏறக் கூடாது என்று, "பழுது. ஏறாதீர்கள்" என்று தன் கையால் எழுதிய பலகையை மாட்டிவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை பாஸ்டர் அந்தப் பலகையைப் பார்த்தார். தேவனுடைய பிள்ளைகள் வரும் வழியில் இப்படி ஒரு அறிக்கையா? பலகையைக் கழற்றிச் சுவரோரம் கவிழ்த்துவைத்தார். அதே ஆணியில், "இது ஜெயமாய் ஏறும்" என்று எழுதி மாட்டினார்.

கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "சார், அது ரிப்பேர்" என்றார்.

"உங்க வாய் எப்படியோ, உங்க லிப்டும் அப்படித்தான்," என்றார் பாஸ்டர்.

அறிவிப்புக்காரி வந்து நின்றாள். கவிழ்ந்து கிடந்த பலகையின் ஓரத்தில் தம்பி அடித்த பச்சை பெயிண்ட் தெரிந்தது. அது என்ன பலகை என்று அவளுக்குத் தெரியும். நான்கு மாடி ஏற அவள் காலுக்கு முடியாது என்பதும் தெரியும். இரண்டையும் சொல்லக் கூடாது. ஏறினாள். பாஸ்டர் ஏறினார். தோளில் கீபோர்டோடு கீபோர்டுக்காரனும் ஏறினான்.

லிப்ட் கிளம்பியது. இரண்டாம் மாடியைத் தாண்டியது. ஒரு முனகல், ஒரு உலுக்கல், அப்புறம் நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. எதிரே நெஞ்சுயரத்துக்கு வெறும் செங்கல் சுவர், அதற்கு மேலே மூன்றாம் மாடியின் மூடிய கதவு.

 சொல்வதற்கு அனுமதிக்கப்பட்ட வார்த்தை எதுவும் அந்த நேரத்தில் யாரிடமும் கைவசம் இல்லை.

"வந்துட்டோம்," என்றார் பாஸ்டர், கிராதிக் கதவைத் திறந்து. செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வரணும். ஆனா வந்துட்டோம்."

கீபோர்டுக்காரன் பழக்க தோஷத்தில் கீபோர்டை மடியில் வைத்து மெல்ல வாசிக்க ஆரம்பித்தான். பாஸ்டர் பேசும்போதெல்லாம் பின்னணியில் வாசிப்பது அவன் ஊழியம். பேட்டரியில் ஓடும் கீபோர்டு என்பதால் அதை நிறுத்தவும் வழியில்லை.

நேரம் ஆக ஆக உள்ளே புழுங்கியது. புழுக்கத்தில் அவள் கால் நாற ஆரம்பித்தது. பாஸ்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்ன ஒரு சுகந்தம்!" என்றார். கீபோர்டுக்காரன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வாசித்தான்.

அவளால் நிற்க முடியவில்லை. கீழே உட்கார்ந்து காலை நீட்டினாள். கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளி இருட்டில் தெரியவில்லை. வீங்கிய கால் செருப்போடு அதற்குள் வழுக்கி இறங்கி, கணுக்கால்வரை போய் இறுகிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜெயம்" என்றாள்.

பாஸ்டர் போனை எடுத்து அவள் தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஸ்தோத்திரம். லிப்ட் நல்லா இருக்கு."

"சரி."

"ரொம்ப நல்லா இருக்கு."

"சரி சார். இதைச் சொல்லவா ஞாயித்துக்கிழமை கூப்பிட்டீங்க?"

"நீங்க வந்து, அது நல்லா இருக்கறதைப் பாத்தீங்கன்னா சந்தோஷப்படுவீங்க."

"எங்க இருக்கீங்க?"

"உயரே, உன்னதத்தில."

தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "என் பலகை எங்க?" என்று கேட்டான். பாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

அவன் ஓடி வந்து மொட்டைமாடியில் இருந்த மோட்டார் அறைக்கு ஏறினான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் கூண்டு மெல்ல மேலே வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சுற்ற முடியாது. சுற்றுவதற்கு முன்னால் உள்ளே இருப்பவர்களிடம் கேட்டாக வேண்டும். கிணறு மாதிரி இறங்கிய அந்தப் பொந்துக்குள் குனிந்து கத்தினான்.

"உள்ள எத்தனை பேரு?"

"பரலோக சேனை!" என்று கத்தினார் பாஸ்டர்.

"எந்த மாடியில மாட்டியிருக்கீங்க?"

"நாங்க மாட்டல! மேல வந்தாச்சு!"

"உள் கதவை மூடியிருக்கீங்களா? யாரும் கை கால் வெளிய விடலையே? தப்பா இருந்தா நறுக்கிடும். பார்த்துச் சொல்லுங்க!"

பாஸ்டர் போன் வெளிச்சத்தில் திறந்த கதவைப் பார்த்தார். சுவரோர இடைவெளியில் மாட்டியிருந்த அவள் காலைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்: "எல்லாம் பூரணம்! சுத்து தம்பி!"

மேலே சக்கரம் கிறீச்சிட்டது.

பழைய பாஸ்டர் என்றோ ஒரு நாள் சொன்னது அந்த நேரத்தில் அவளுக்கு ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியாது. பைபிளில் ஆண்டவரிடம் போகத் தண்ணீர்மேல் நடந்த அந்த மீனவன். காற்றைப் பார்த்து அவன் மூழ்க ஆரம்பித்தபோது, நடக்கிறேன், நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மூழ்கவில்லை. "ஆண்டவரே, காப்பாற்றும்" என்று கத்தினான். ஆண்டவர் முதலில் கையைப் பிடித்தார். திட்டியது அதற்கப்புறம்தான்.

அவள் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை இல்லை. வருஷக்கணக்காக ஊருக்கே கேட்ட அந்தக் குரல் வந்தது.

"கவனிக்கவும்! இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் பழுதாகி நிற்கிறது! உள்ளே மூன்று பேர் மாட்டிக்கொண்டிருக்கிறோம்! கதவு திறந்திருக்கிறது! என் கால் வெளியே சிக்கியிருக்கிறது! அந்தக் கால் அழுகிக்கொண்டிருக்கிறது! எனக்குச் சர்க்கரை வியாதி! மாத்திரை சாப்பிடவில்லை! டேய் தம்பி, சுத்தாதடா! எனக்குப் பயமா இருக்குடா! ஆண்டவரே, என்னைக் காப்பாத்தும்!"

சக்கரம் நின்றது.  கண்ணாடிக் கடைக்காரர் வாசலுக்கு வந்து மேலே பார்த்தார்.

அந்த இருட்டில் கீபோர்டுக்காரன் வாசிப்பதை நிறுத்தினான். "அக்கா," என்றான் மெதுவாக. "எனக்கு ரெண்டே ரெண்டு மெட்டுதான் வாசிக்கத் தெரியும்."

"அது எங்க எல்லாருக்கும் தெரியும்ப்பா."

"தெரியுமா?" என்றான். மூச்சை விட்டான். "அப்பாடா."

பாஸ்டர் சுவரில் சாய்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "சிஸ்டர்," என்றார். "எனக்கு லிப்ட்னாலே வயித்தைக் கலக்கும். சின்ன வயசிலேர்ந்து."

"அப்ப ஏன் பாஸ்டர் ஏறினீங்க?"

"சொல்லக் கூடாதே."

தம்பி மூன்றாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, மேல்பாதி தெரிந்த கூண்டுக்குள் குதித்தான். செருப்பு வாரைக் கத்தியால் அறுத்துக் காலை மெல்ல விடுவித்தான். பாஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் தள்ளி நிறுத்திக் கிராதிக் கதவைத் தானே மூடினான். பிறகு மேலே போய்ச் சக்கரத்தைச் சுற்றினான். கூண்டு முனகிக்கொண்டே மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. கூடத்தில் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள் படியிறங்கி வந்து கை தட்டினார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. கை தட்டுவது பழக்கம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதே டாக்டர்.

"என்ன பண்ணுது?" என்றார், பேனாவை எடுக்காமல்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவர் பேனாவைத் தேடினார்.

கால் தப்பியது. இரண்டு விரல் போயிற்று. ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவரும் யாரையும் தேற்றுகிற ஆள் இல்லை.

சில நாள் கழித்து பாஸ்டர் பார்க்க வந்தார். கட்டிலின் காலடியில் நின்றார். தம்பி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். அங்கே இருந்தால்தான் கை சும்மா இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

"சிஸ்டர், அந்த ரெண்டு விரலும்..." பாஸ்டர் வார்த்தையைத் தேடினார். "அந்த ரெண்டு விரலும் இப்ப வந்து..."

"போச்சு."

"இல்ல, அதை எப்படிச் சொல்றதுன்னா..."

"போச்சுன்னு சொல்லுங்க பாஸ்டர்."

பாஸ்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போச்சு," என்றார். வானம் இடிந்து விழவில்லை. "என்னாலதான் போச்சு. நான் உங்க காலைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சுத்துன்னு சொன்னேன்."

"தெரியும். நானும் பலகையைப் பார்த்துட்டுத்தான் ஏறினேன்." அவள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னொண்ணு கேக்கறேன். அந்த வெள்ளிக்கிழமை ஆண்டவர் என்ன காரியம் பண்ணினார்?"

பாஸ்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"செத்தார்," என்றார்.

"எதுக்கு?"

"நம்ம பாவத்துக்கு." கட்டுப் போட்ட அவள் காலைப் பார்த்தார். "என் பாவத்துக்கு."

"அப்புறம்?"

"மூணாம் நாள் உயிரோட எழுந்தார்."

"இப்ப அர்த்தமாகுது. சாகாதவர் எழுந்தார்னா அதுல என்ன இருக்கு? சும்மா தூங்கி எழுந்த மாதிரி." அவள் படுத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை இதையே சொல்லுங்க. பழைய ஜெபத்தையும் திரும்பக் கொண்டாங்க. சொல்ல உங்களுக்குக் கூச்சமா இருந்தா நான் வந்து மைக்ல சொல்றேன்."

"நானே சொல்றேன்," என்றார் பாஸ்டர்.

அவர் வராந்தாவுக்கு வந்தார். கோடியில் ஆஸ்பத்திரி லிப்ட். அதன் கதவில் ஒரு அட்டை தொங்கியது. அவர் அதன் முன்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். "பழுது."

பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்.