ஏணியின் பெயரில் ஒரு சீட்டு

"இது உங்க ஏப்ரன்தானே?"

குட்டியக்கா நிமிர்ந்தாள். பதினாலு வருஷமாகக் கூட வேலை பார்த்து, அவளை நீ, வா, போ என்று பேசிய ஏணியின் வாய் அது.

"என்னடி புதுசா 'உங்க'? யாராவது பெரிய மனுஷங்க வந்திருக்காங்களா?" என்று பின்னால் திரும்பியும் பார்த்தாள். சலவை அறையில் அவர்கள் இருவரையும், உறுமிக்கொண்டிருந்த டிரையர்களையும் தவிர யாருமில்லை.

"உங்க ஏப்ரனான்னு கேட்டேன்."

"என்னோடதுதான். ஏன், கிழிஞ்சிருக்கா?"

"பையில இது கெடந்தது."

ஏணி ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தாள். குட்டியக்காவின் முகம் துவைத்த துணியாக வெளுத்தது.

ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவை அறை. மெஷினில் போடும்முன் எல்லாப் பைகளையும் துழாவிப் பார்ப்பது ஏணியின் வேலை. பேனா, தெர்மாமீட்டர், பாதி தின்ற பிஸ்கட் என்று என்னென்னவோ வரும். ஒரு தடவை பெரிய டாக்டரின் பல்செட்டே வந்தது. காகிதம் வந்தால் அவள் பிரித்துப் படிப்பதில்லை. இதைப் படித்தாள், ஏனென்றால் அதன் தலைப்பில் அவளுடைய முழுப் பெயர் இருந்தது, அப்பா பெயரோடு. நெட்டையாக இருக்கிறாள் என்று அவளுக்கு ஏணி எனப் பெயர் வைத்ததே குட்டியக்காதான். தன் சொந்தப் பெயர் குட்டியக்காவுக்கு நினைவிருக்கும் என்று ஏணி எதிர்பார்த்ததே இல்லை.

பெயருக்குக் கீழே குட்டியக்காவின் கோணல் எழுத்து: 'இவள் தன் கோயிலை விட்டு நம் வழிக்கு வர எல்லோரும் ஜெபிக்கவும்.'

குட்டியக்காவின் சர்ச்சில் ஒரு பெட்டி உண்டு. சீட்டு எழுதிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அதை எடுத்து உரக்க வாசிப்பார். கூடியிருக்கும் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"வாராவாரம்னு சொல்ல முடியாது. மழைன்னா நான் போகமாட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"ஒம்பது."

"ஒம்பது வருஷமா, என் மூஞ்சியே பார்க்காத ஜனம் உக்காந்து, ஐயோ பாவம் இவ திருந்தணும்னு..."

"திருந்தணும்னு எழுதலையே! வரணும்னுதானே எழுதினேன்."

"வர்றதுக்கு நான் எங்கேயும் தொலைஞ்சு போகல!"

ஏணி விடுவிடுவென்று சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவரும் கூடவே வந்தார், கையில் ஒரு படிவத்தோடு.

"இஸ்திரி மெஷினுக்கு மாத்திக்குடுங்கன்னு கேக்கறாங்க. என்னக்கா சண்டை?" என்றார் குட்டியக்காவிடம்.

"அவளையே கேளுங்க சார்."

"எனக்காக சர்ச்சுல சீட்டு போட்டிருக்காங்க சார். நான் மாறணுமாம்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "எனக்கு சாமியே கிடையாது. எனக்காக ஒருத்தரும் போடலையே!"

"உங்களுக்கும் போட்டேன் சார்," என்றாள் குட்டியக்கா. "ஆறு மாசத்துல விட்டுட்டேன்."

"ஏன்?"

"எனக்கே நம்பிக்கை போயிடுச்சு."

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு படிவத்தை ஏணியிடம் நீட்டினார். "இதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் திரும்ப முடியாது. இஸ்திரிக்கு ஆள் இல்லாம ரெண்டு மாசமா அல்லாடறேன், விடமாட்டேன். ஆபரேஷன் தியேட்டர் டிராலியை ரெண்டு பேரும் முடிச்சு வைங்க. சாப்பாட்டு மணிக்கு வந்து படிவத்தை வாங்கிக்கறேன்."

டிராலியில் பெட்ஷீட் மலையாகக் குவிந்திருந்தது. பெட்ஷீட் மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்ஷீட்டுக்கும் விரலும் விரலும் தொடும், முகமும் முகமும் பார்க்கும். கோபித்துக்கொண்டவர்களுக்கு ஏற்ற வேலையே இல்லை. பேசக்கூடாது என்றிருந்தார்கள், நாலாவது பெட்ஷீட்டில் ஏணிக்குத் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை நீங்க சர்ச்சுக்குப் போகணும்னு உங்க ஷிஃப்டை நான் பார்த்தேன்."

உதறு. மடிப்பு. நடை.

"வெள்ளிக்கெழமை நீ கோயிலுக்குப் போகணும்னு உன் ஷிஃப்டை நான் பார்க்கலையா?"

அடுத்த பெட்ஷீட்.

"பார்த்தீங்க. மரியாதைன்னு நெனைச்சேன். தூண்டில் போட்டுட்டுக் காத்திருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு."

மூன்று பெட்ஷீட் போயின. நாலாவதில் முனை சேர்க்க வந்த குட்டியக்கா முனையைக் கொடுக்காமல் நின்றாள்.

"பயம்டி."

"என்ன பயம்?"

"எங்க நம்பிக்கைப்படி நான் மேல போவேன்."

"தாராளமாப் போங்க. யார் கையைப் பிடிச்சு இழுத்தா?"

"நீ இருக்கமாட்டியே. மேல எல்லாரும் வெள்ளைதான் உடுத்தியிருப்பாங்களாம். எவ்வளவு துணி சேரும், யோசிச்சுப் பாரு. அதையெல்லாம் நான் யாரோட மடிப்பேன்?"

ஏணியின் கையிலிருந்து ஒரு முனை நழுவியது. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். மூக்கு வழியாக வந்துவிட்டது.

"மேல போயும் சலவைதானா பார்க்கப் போறே?"

"'போறே'ன்னுட்டே!"

"வாய் தவறிடுச்சு."

"வேற யாருக்குடி அங்க ஒழுங்கா மடிக்கத் தெரியும்? பாஸ்டரம்மாவுக்கு ஒரு தலகாணி உறை மாட்டத் தெரியாது."

"எங்க வழியில நான் திரும்பப் பொறந்து இங்கயே வந்துடுவேன். நீ மேல உக்காந்து வேடிக்கை பாரு."

"மறுபடியும் இதே உசரமா?"

"உன் கழுத்து வலிக்கட்டும்னு இன்னும் ரெண்டு அங்குலம் கேட்டு வாங்கிட்டு வருவேன்."

இருவரும் சிரித்தார்கள். பெட்ஷீட் இருவருக்கும் நடுவில் தொட்டிலாகத் தொங்கியது. முதலில் நிறுத்தியவள் ஏணி.

"சிரிச்சேன்னு சரியாயிடுச்சுன்னு நெனைக்காதே. கையெழுத்து இன்னும் பாக்கி இருக்கு."

"என்ன செய்யணும்கறே?"

"மனசுக்குள்ள நீ என்ன வேணா நெனைச்சுக்கோ. அங்க வந்து என்னால காவல் காக்க முடியாது. என் பேரை எழுதி ஊர் முன்னால வாசிக்க விடாதே. என்னைக் கேக்காம."

"கேட்டிருந்தா?"

"வேண்டாம்னிருப்பேன்."

"அதான் கேக்கல."

"அதான் தப்பு."

குட்டியக்கா பெட்ஷீட்டின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது சுலபமாக இல்லை. "திடீர்னு நிறுத்தினா எல்லாரும் கேப்பாங்கடி. உனக்கு மூட்டு ஆபரேஷன் ஆனப்போ சர்ச்சே விசாரிச்சது. காது கேக்காத ஒரு பெரியவர், இன்னும் வாராவாரம், 'அந்தப் பொண்ணு படி ஏறுதா?'ங்கறார்."

ஏணிக்கு இது புதுசு. என் மூஞ்சியே பார்க்காத ஜனம் என்று சற்றுமுன் சொன்னவள், கொஞ்ச நேரம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படி ஏறுறேன்னு சொல்லு அவர்கிட்ட."

"நீயே சொல்லேன்."

"ஆரம்பிக்கறே பார்த்தியா!"

"சரி சரி, நானே சொல்றேன்."

"பேனா எடு. நான் சொல்றதை எழுது."

எழுதக் காகிதம் இல்லை. ஏணி மேஜைமேல் போட்டுவைத்திருந்த படிவத்தைத் திருப்பிப்போட்டுக் குட்டியக்கா எழுத உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. சூப்பர்வைசர் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

"போட்டாச்சா கையெழுத்து? குடுங்க."

"குடுக்க முடியாது சார்," என்றாள் ஏணி. "அது ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போகுது."

அவர் படிவத்தைப் பிடுங்கித் திருப்பினார். கோணல் எழுத்தை உரக்க வாசித்தார்: "'இவள் சுகமாக இருக்கிறாள். படி ஏறுகிறாள். தன் கோயிலிலேயே இருப்பாள். எங்கள் சூப்பர்வைசர் மூன்றாம் நம்பர் டிரையரை மாற்றித் தர எல்லோரும் ஜெபிக்கவும்.' என்னக்கா இது! என்னைக் கேக்காம என்னை எப்படி இதுல..."

"அதான் இப்போ கேக்கறோமே சார்," என்றார்கள் இருவரும் ஒன்றாக.

அவர் படிவத்தை மறுபடி படித்தார். மூன்றாம் நம்பர் டிரையர், சொல்லிவைத்தாற்போல் ஒரு முறை இருமிவிட்டு நின்றது.

"போடுங்க," என்றார். "நான் மூணு தடவை எழுதிக் குடுத்தும் மேலிடத்துல அசையல. உங்க மேலிடமாவது அசையுதான்னு பார்ப்போம். அப்போ இஸ்திரிக்கு ஆள்?"

"அதுக்குத் தனிச் சீட்டு போடறேன் சார்," என்றாள் குட்டியக்கா.

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஏணி கடைசி பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை எடுத்து நீட்டினாள்.

"மனசுக்குள்ள நெனைப்பே, இல்ல?"

"நெனைப்பேன். பொய் சொல்லமாட்டேன்."

"நான் வரமாட்டேன்."

"பார்ப்போம்."

"பார்த்துக்கிட்டே இரு. இப்போ இழுத்துப் பிடி, கோணலாப் போகுது."

"நீ குனிடி கொஞ்சம்!"