ஹெர்ன் நாற்காலியின் எடை

1963 பிப்ரவரியில் ஆம்ப்ரோஸ் ஹெர்ன் இறந்து, உடலை அடக்கம் செய்த பிறகும், அவருடைய எடை மட்டும் நாற்காலியிலேயே தங்கிவிட்டது. தூதரகங்களும் கப்பல் கம்பெனிகளும் காத்துக்கிடந்து வாங்கிய ஹெர்ன் நாற்காலிகளை இரண்டு விரலால் தூக்கிவிடலாம்; எடை ஒன்பது பவுண்டைத் தாண்டினால் அவர் பட்டறையை விட்டு வெளியே அனுப்பமாட்டார். செய்து முடித்த ஒவ்வொன்றிலும் தேநீரோடு தானே உட்காருவார். தேநீர் ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால் நாற்காலி தேறியது. இடையில் நெளிந்தால் பிரித்துப் போட்டுவிடுவார். கடைசி நாற்காலியில் தேநீர் ஆறியது, அவர் எழவில்லை.

அதை விலைபேசியிருந்த லண்டன் வியாபாரி பெல்லிங்கர், ஒரே கையால் தூக்கப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "உள்ள ஈயத்த ஊத்தி வச்சிருக்கீங்களா? உங்கப்பா இத்தன வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்காரு. பேப்பர்ல போடாம விடமாட்டேன்."

மகள் மியூரியலுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பாவோட வேலைய என்ன வேணாலும் சொல்லுங்க சார், கனம்னு மட்டும் சொல்லாதீங்க."

எங்கள் ஹை விக்கம் ஊரில் மே மாதந்தோறும் மேயரைத் தராசில் உட்காரவைத்து நிறுப்போம், ஊர்க்காசில் கொழுத்தாரா என்று பார்க்க. கூடியிருந்தால் கட்டியக்காரர் போன ஆண்டு எடையைச் சொல்லி, "இன்னும் கொஞ்சம்!" என்று கூவுவார், தக்காளி பறக்கும். அந்த ஆண்டு மேயர் இறங்கியதும் மியூரியல் நாற்காலியை ஏற்றச் சொன்னாள். நூற்று முப்பது பவுண்டு. பெல்லிங்கர் சிரித்தார். ஹெர்னைக் கடைசிவரை கவனித்த நர்ஸ் ஐவி பிளைஸ்டோ கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"கடைசியா நான் எட பாத்தப்போ அவரு நூத்தி இருபத்தொண்ணு. சாப்பாடு இறங்காம எலும்பும் தோலுமா இருந்தாரு. மீதி ஒம்போதுதான் நாற்காலி."

சதுக்கத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெல்லிங்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப... அவர எழுந்திருக்கச் சொல்லுங்களேன்."

"தேறின நாற்காலி சார். எழுந்திருக்கமாட்டாரு" என்றாள் மியூரியல்.

நாற்காலி வீட்டுக்கே திரும்பியது. தினமும் நாலு மணிக்கு அதன் பக்கத்தில் மியூரியல் தேநீரும் கேக்கும் வைத்தாள். அடுத்த மே மாதம் நாற்காலியை மறுபடி தராசில் ஏற்றியபோது கட்டியக்காரர், "நூற்று முப்பது... இன்னும் கொஞ்சம்!" என்று கூவினார். மேயர்மேல் தக்காளி எறிந்த அதே கைகள் தட்டிய தட்டலில் புறாக்கள் பறந்தன. பட்டினியாகப் போனாரே என்று ஓராண்டாக மருகிக்கொண்டிருந்த மியூரியல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது நூற்று எண்பத்து நான்கு. போன வாரத்திலிருந்து தேநீரில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறாள்.