நடுவிலே சிவப்பு

ஐஸ் பெட்டி உள்ளே வர வேண்டுமென்றால் மேசை வெளியே போக வேண்டும். குன்றத்தூர் வாடகை வீட்டின் கூடத்தில் இரண்டுக்கும் இடம் கிடையாது.

"அந்தப் பக்கம் பிடிம்மா. வெரசா பிடி" என்றார் மாசானம்.

ஸ்ரீமதி பிடித்தாள். மேசைமேல் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் போர் விமானம் நின்றிருந்தது. அப்பா உதயசூரியன் மூன்று மாதமாக ஒட்டிக்கொண்டிருந்த ஹரிக்கேன். அதன் பக்கத்தில் கத்தரி, தூரிகை, ஒரு கிண்ணம் தண்ணீர். தண்ணீர் சிந்தாமல் மேசையை அடுப்படிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பா கூடத்துப் பாயில் படுத்திருந்தார். இத்தனை சத்தத்திலும் 'பாத்து தூக்கு பாப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாம் ஷிஃப்ட் பஸ்ஸில் தூங்குகிறவனை யாரும் எழுப்ப மாட்டார்கள். அவன் ஸ்டாப் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரன் தோளைத் தட்டிவிட்டால் போதும். எந்தக் கம்பெனியும் எழுதி ஒட்டாத சட்டம் அது. இன்று காலை பக்கத்து சீட்டில் இருந்தவர் மாசானம். ஒரகடம் தாண்டியதும் உதயசூரியனின் தலை அவர் தோளில் சாய்ந்தது. நல்ல தூக்கம், கெடுக்க வேண்டாம் என்று நாற்பது நிமிஷம் தோளை அசைக்காமல் வந்திருக்கிறார் மனிதர். குன்றத்தூரில் தட்டினால், எழுப்புவதற்கு அங்கே ஆள் இல்லை.

"நான் தோள அசைக்கவே இல்லம்மா" என்று இதுவரை ஆறு பேரிடம் சொல்லிவிட்டார். ஏழாவதாக ஐஸ் பெட்டி கொண்டுவந்த டிரைவரிடமும் சொன்னார். மாசானத்தைக் கோபிக்கவும் முடியவில்லை, சமாதானப்படுத்தவும் முடியவில்லை.

அம்மா கங்கா பெட்டியருகே உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம் உட்கார்வாள், எழுந்து முந்தானையால் பெட்டிக் கண்ணாடியைத் துடைப்பாள், மறுபடி உட்கார்வாள். கண்ணாடி மறுபடி பனிக்கும். கேன்டீன் வேலைக்குக் கிளம்பி நின்றவள் சீருடைப் புடவையைக்கூட மாற்றவில்லை. நெற்றியில் காலையில் வைத்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது. ஸ்ரீமதியின் கண் கூடத்துக்குள் எங்கே போனாலும் கடைசியில் அந்தப் பொட்டில்தான் வந்து நின்றது.

காரணம், அத்தை வந்துவிட்டாள்.

காமாட்சியம்மாள் அப்பாவுக்கு மூத்தவள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கியதும் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு கால் மணிநேரம் அழுதாள். அது நிஜமான அழுகை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்கு எடுக்கறாங்க. புதுப் புடவை, பூவு, குங்குமம், வளையலு எல்லாம் வாங்கியாரச் சொல்லு. எடுக்கறதுக்கு முந்தி கங்காவுக்கு வெச்சு அழிச்சிடணும். தாலிய பதினாறு அன்னிக்குப் பாத்துக்கலாம்."

"அதெல்லாம் வேணாம் அத்தை."

"இன்னாடி வேணாம்? எனக்குப் பண்ணாங்க. முப்பத்திநாலு வயசு எனக்கு. செத்தா பூட்டேன்?"

சண்டைக்கு வந்தவளிடம் சண்டை போடலாம். அடி வாங்கியவளே அடிக்க வந்தால் என்ன செய்வது?

"அம்மாவ கேட்டீங்களா?"

"இதையெல்லாம் கேட்டா செய்வாங்க? நாலு பேரு நம்மளைத்தான் பேசுவாங்க. வெளியாள் ஒண்ணும் சொல்லமாட்டான். சொந்தந்தான் சொல்லும்."

அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். ஸ்ரீமதி வாசலுக்குப் போனாள், திரும்பினாள், கூடத்தில் நின்றாள், மறுபடி வாசலுக்குப் போனாள். கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்றது. அத்தை கடைசியாகச் சொன்னதை இதற்குமுன் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மனம் குடைந்தது.

ஞாபகம் வந்துவிட்டது. அப்பாதான்.

லாரிக் கம்பெனியில் கதவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற செக்‌ஷனில் பத்தொன்பது வருஷம் அவர். ஒரு குமிழி விழாமல் ஒட்டுவார். வீட்டுக்கு வந்தும் ஒட்டல்தான், ஆனால் இது வேறு ஜாதி. விமானக் குறிகள் மெல்லிய தாளில் அச்சாகி வரும். வெட்டி முப்பது நொடி தண்ணீரில் போட்டால் படம் தாளை விட்டு நழுவும். தூரிகையால் இறக்கைமேல் தள்ளி, ஈரத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுக்க வேண்டும். முப்பது எண்ணுவது அம்மாவின் வேலை. வெங்காயம் அரிந்துகொண்டே எண்ணுவாள். முப்பது என்று அவள் குரல் வந்த பிறகுதான் அவர் தூரிகையை எடுப்பார்.

இந்த ஹரிக்கேன் தாளில் இரண்டு வகை வட்டங்கள் இருந்தன. நடுவில் சிவப்பு உள்ளவை, சிவப்பு இல்லாமல் வெறும் நீலமானவை. அவர் நீலத்தை மட்டும் வெட்டினார். ஏனென்று ஸ்ரீமதி கேட்டாள்.

"இது பர்மா சண்டையில நம்ம பசங்க ஓட்னது பாப்பா. ஜப்பான்காரன் ப்ளேன்ல சிவப்பு வட்டம். அதனால சிவப்ப பாத்தாலே நம்மாளே சுட்ருவான். அதான் நடுவுல இருந்த சிவப்பையே எடுத்துட்டானுங்க. எதிரிக்கு பயந்து எடுக்கல. நம்மாளுக்கு பயந்து எடுத்தது."

ஹரிக்கேனுக்கு ஆறு வட்டம். ஐந்து ஒட்டியாகிவிட்டது. ஆறாவதை நேற்று தண்ணீரில் போட்டதும் கம்பெனி பஸ் ஐந்து நிமிஷம் முன்னதாக வந்து ஹாரன் அடித்தது. 'காலைல வந்து ஒட்றேன், யாரும் தொடாதீங்க' என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கிண்ணம்!

ஸ்ரீமதி அடுப்படிக்கு ஓடினாள். கிண்ணம் கவிழ்ந்திருந்தது. குடம், சொம்பு, வாட்டர் பாட்டில் எல்லாமே கவிழ்ந்திருந்தன. சாவு விழுந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கக்கூடாது. அத்தை ஒரு சொட்டு விடவில்லை.

"கிண்ணத்துத் தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

"எங்க ஊத்துவாங்க? கால்வாய்லதான். ஏண்டி, அதுல இன்னா கீது?"

பின்பக்கக் கால்வாயோரம் ஸ்ரீமதி மண்டியிட்டாள். செல்போன் கம்பெனியில் எட்டு மணிநேரம் லென்ஸ் வழியாகக் கீறல் தேடுகிற கண் அது. சோப்பு நுரைக்கும் காப்பித் தூளுக்கும் நடுவில் கண்டுபிடித்துவிட்டாள். வட்டம் தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் கிழியும். லைனில் வந்திருந்தால் ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருப்பாள். இங்கே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து வராத அழுகையை அந்தச் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மூன்று மணிக்கு அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, அத்தை பொட்டு அழிக்கணும்னு நிக்கிறாங்க. நீ சொல்லு. வேணாம்னா நான் பாத்துக்கறேன். வேணும்னாலும் சரி. ஆனா நீ சொல்லணும்."

அம்மா கண்ணாடியைத் துடைத்தாள். "கிண்ணத்துல இருந்துச்சே, அது கெடச்சுதா?"

"மடிஞ்சி போச்சும்மா."

"நீலம் வேற இருக்குதா?"

"ஆறுதான் இருந்துச்சி. இனிமே சிவப்பு வெச்சதுதான்."

"ம்" என்றாள் அம்மா. அவ்வளவுதான். ஸ்ரீமதிக்கு ஆத்திரமாக வந்தது. என்ன கேட்கிறோம், என்ன பதில் வருகிறது?

நாலு மணிக்கு வாசலில் மேளம் தொடங்கியது. அப்பாவைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டியிருந்தார்கள். தெருவை அடைத்து நின்ற வண்டிக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி ஒன்று பொறுமையில்லாமல் உறுமியது. அத்தை தாம்பாளத்தில் குங்குமமும் பூவும் வளையலும் வைத்து, வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து கையில் எடுத்துக்கொண்டாள். பெண்கள் சூழ்ந்தார்கள். கங்காவைக் காணவில்லை.

ஸ்ரீமதிதான் முதலில் அடுப்படிக்குள் நுழைந்தாள். அம்மா அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் புதுத் தண்ணீர். கையில் கத்தரி.

"வந்துட்டியா? எண்ணு" என்று வெட்டிய வட்டத்தைத் தண்ணீரில் போட்டாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

பதினேழில் அத்தை அடுப்படி வாசற்படியில் வந்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் நாலைந்து தலைகள்.

"கங்கா, எடுக்கப் போறாங்க. வா."

"முப்பது ஆவட்டும் அண்ணி."

அதை அம்மா சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அத்தை நின்றுவிட்டாள். வெளியே மேளம் ஒரு கணக்கில் போனது, உள்ளே ஸ்ரீமதியின் குரல் இன்னொரு கணக்கில் போனது. இருபத்தெட்டில் அவள் எண்ணுவதை விட்டு அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"முப்பது" என்று அம்மாவே முடித்தாள்.

தூரிகையை எடுத்துத் தள்ளினாள். வட்டம் தாளிலிருந்து நழுவி வலது இறக்கையில் உட்கார்ந்தது. கொஞ்சம் கோணல்தான். அம்மா நுனியால் நகர்த்தினாள்.

"அம்மா, அதுல சிவப்பு கீது. அப்பா சொன்னாரே..."

"தெரியும். சுடறவங்க சுடட்டும்."

அவள் நிமிர்ந்து அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அண்ணி, அந்தத் துணிய குடுங்க. ஒத்தி எடுக்கணும். இல்லாட்டி குமிழி வுழுந்துரும்."

அத்தை துணியைப் பார்த்தாள். கங்காவின் நெற்றியைப் பார்த்தாள். பின்னால் யாரோ "நேரமாவுதுக்கா" என்றார்கள். அவள் திரும்பவில்லை. தாம்பாளத்தை அடுப்புமேல் வைத்தாள். துணியை நான்காக மடித்து, மடித்த பக்கம் மேலே இருக்கும்படி நீட்டினாள்.

"நான் எறக்கைய புடிச்சிக்கவா?" என்றாள்.

"லேசா புடிங்க."

அம்மா நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றினாள். மூன்று தரம். பிறகு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாசற்படியில் நின்ற பெண்களைத் தாண்டி அப்பாவிடம் போனாள். அத்தை அவள் தோளைப் பிடித்தபடி கூடவே போனாள்.

மாசானம் வாசலிலிருந்து ஸ்ரீமதியைக் கூப்பிட்டார். "இதோ வரேண்ணே" என்றாள். மேசைமேல் அந்த வெள்ளைத் துணி கிடந்தது. எடுத்துப் பிரித்தாள். எந்த மடிப்பிலும் சிவப்பு ஒட்டியிருக்கவில்லை.