மிச்சம் இருப்பதைக் கொடுங்கள்

பிரிட்டா அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்து, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, முதல் வேலையாகக் கைப்பேசியை எடுத்தாள். அம்மாவின் செய்தி காத்திருந்தது. "ஏரிக்கரை ஆஸ்பத்திரி கூப்பிட்டுட்டாங்க! நான் பதில் போட்டுட்டேன்." பிரிட்டாவுக்கு அந்த நடைபாதையிலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. பதிலில் அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் போதும், அமெரிக்கா முழுக்க மாணவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மேற்பயிற்சிக்கு எங்கெங்கோ விண்ணப்பித்துவிட்டு நேர்காணல் அழைப்புக்குக் காத்துக் கிடப்பார்கள். அழைப்பு எப்போது வரும் என்று எந்தச் சாமிக்கும் தெரியாது. வந்தால் உடனே தேதியைப் பிடிக்க வேண்டும். தேதிகள் கொஞ்சம், அழைக்கப்பட்டவர்கள் அதிகம். அந்த நேரம் பார்த்து நீங்கள் யாருடைய வயிற்றுக்குள்ளோ கையை விட்டுக்கொண்டு நின்றால் போச்சு, கதை முடிந்தது. இப்படி ஒரு கூத்தை எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினானோ, அவன் கையில் கிடைத்தால் பிரிட்டா சும்மா விடமாட்டாள்.

அதனால் எல்லார் வீட்டிலும் காவலுக்கு ஓர் ஆள் உண்டு. பிரிட்டாவின் கணவன் பெயர் கோடி. பெரிய ஏரியில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை செய்பவன். ஏரி உறைந்தால்தான் வீடு திரும்புவான். ஆகவே காவல் அம்மா ஆர்லிஸ் தலையில் விழுந்தது. ஆர்லிஸ் ஒரு கையில் பேத்தி சிக்னேயும், மறு கையில் மடிக்கணினியுமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து மாநிலத்து ஃபார்கோவிலிருந்து அழைப்பு வந்தது, கப்பென்று பிடித்தாள். டெமாய்ன் வந்தது, அதையும் பிடித்தாள். ஆனால் அதெல்லாம் ஒப்புக்குத்தான். பிரிட்டாவுக்கு வேண்டியது சொந்த ஊரான இந்த டுலூத்தில் இருக்கும் ஏரிக்கரை ஆஸ்பத்திரி ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் கோடி ஏரிக் கப்பலில், அவள் வேறு மாநிலத்தில், குழந்தை அவளோடு, அம்மா இங்கே தனியாக. மேற்பயிற்சி முடிய மூன்று வருடம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிரிட்டா கேட்டாள். "என்னைக்கும்மா தேதி?"

"அதை அவங்களே பார்த்துச் சொல்லுவாங்க" என்றாள் ஆர்லிஸ். "சாப்பிடுறியா? கறியும் உருளைக்கிழங்கும் போட்ட ஹாட்டிஷ் சூடா இருக்கு."

பிரிட்டா மடிக்கணினியை இழுத்துப் பார்த்தாள். அவள் பெயரில் அம்மா எழுதிய பதில் அங்கே இருந்தது.

"அன்புள்ள டார்லா, அழைத்ததற்கு மிக்க நன்றி. தூரத்திலிருந்து வருபவர்கள் முதலில் தேதியை எடுத்துக்கொள்ளட்டும். கடைசியில் எது மிச்சமோ அதைக் கொடுங்கள், போதும். எனக்காகச் சிரமப்பட வேண்டாம்."

அதற்குக் கீழே மருத்துவமனையின் பதில். எல்லாத் தேதிகளும் நிரம்பிவிட்டன. உங்களைக் காத்திருப்போர் வரிசையில் சேர்த்திருக்கிறோம்.

"அம்மா!" பிரிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். "தூரத்துலேர்ந்து யாரும்மா வரப்போறா? எல்லாரும் அவங்கவங்க வீட்டுல திரைக்கு முன்னாடி உக்காந்துதானே பேசப்போறாங்க!"

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன்டி."

"மரியாதையாம் மரியாதை! எவனோ அந்நேரம் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்!"

இந்த ஊர்க்காரர்களைத் திருத்தவே முடியாது. காபி வேண்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தடவை கெஞ்சினால்தான் அரைக் கோப்பை. தட்டில் கடைசித் துண்டு கேக் இருந்தால் ஒருத்தரும் தொடமாட்டார்கள். பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, கடைசியில் துணுக்காக அது காய்ந்து போகும். கேக் காய்ந்தால் போகட்டும். மகளின் வாழ்க்கையையுமா காயப்போடுவது?

"ஃபார்கோவுக்கு மட்டும் எப்படிம்மா பட்டுனு பிடிச்ச? அங்க மரியாதை எங்க போச்சு?"

ஆர்லிஸ் சிக்னேயின் மூக்கைத் துடைத்தாள். துடைத்த மூக்கையே மறுபடியும் துடைத்தாள்.

"சொல்லும்மா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அது உனக்காகக் கேட்டதுடி." ஆர்லிஸின் குரல் இறங்கிவிட்டது. "இது எனக்காகக் கேக்குற மாதிரி இருந்துச்சு. நீயும் இவளும் இங்கயே இருக்கணும்னு எனக்குத்தானே ஆசை. அந்த மெயிலைப் பார்த்ததும் கை அப்படியே பறந்துச்சு. சீ, என்ன அல்பத்தனம்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அதான்..."

பிரிட்டாவுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் அடங்கவில்லை. இந்த அம்மாவை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது! அந்தக் கோபத்திலேயே ஏரிக்கரை அலுவலகத்துக்குப் போன் போட்டு, சிக்னே இழுக்காமல் இருக்க மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

தேதிகளைப் பார்த்துக்கொள்ளும் டார்லாதான் எடுத்தாள். "அட, நீங்களா? உங்க மெயிலைப் பார்த்துட்டு, உங்களுக்கு இங்க வர்றதுல அவ்வளவா இஷ்டம் இல்லைன்னு நினைச்சேனே."

"ஐயையோ, அப்படி இல்லைங்க. ஏதாவது வாய்ப்பு இருந்தா..."

"பார்க்கலாம்ங்க" என்றாள் டார்லா. இந்த ஊரில் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம்.

"பரவாயில்லைங்க" என்றாள் பிரிட்டா. அவள் வாய் தானாகவே பேசியது. "உங்களுக்குச் சிரமம்னா வேண்டாம், நான்..."

சொல்லும்போதே அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறையலாம் போலிருந்தது. ஆனால் அதற்குள் ஆர்லிஸ் மேசைமேல் குனிந்துவிட்டாள்.

"சிரமப்படுங்க!" என்று கத்தினாள் ஆர்லிஸ். சிக்னே மிரண்டு போய்ப் பார்த்தது. "நான் இவ அம்மா பேசறேன். அந்தக் கூறுகெட்ட மெயிலை எழுதினது நான். இவளுக்கு இந்த இடம் வேணும். எனக்கும் வேணும். இவங்க போயிட்டா நான் என்ன செய்வேன்?"

பிரிட்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. நேர்காணல் கேட்கும், டாக்டராகப் போகிறவளுக்கு அம்மா சிபாரிசு! நாளைக்கு ஆஸ்பத்திரி முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும்.

டார்லா தொண்டையைக் கனைத்தாள். "அம்மாவெல்லாம் பேசக் கூடாதுங்க. நானும் யாருக்கும் தனியா இடம் தரக் கூடாது." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒருத்தர் இப்பத்தான் விலகியிருக்காரு. வரிசையில இருக்குற எல்லாருக்கும் மெயில் போகப் போவுது. முதல்ல எடுக்குறவங்களுக்கு அது. வேற ஒண்ணும் என்னால சொல்ல முடியாது."

"ரொம்ப நன்றிங்க, உங்களுக்கு..." என்று பிரிட்டா ஆரம்பித்தாள். டார்லா அதற்குள் வைத்துவிட்டாள்.

பிரிட்டா சட்டென்று திரும்பினாள். மடிக்கணினி அம்மாவின் முன்னால் இருந்தது. "இங்க கொடும்மா" என்று அவள் கை நீட்டவும் அந்த மெயில் வந்து விழவும் சரியாக இருந்தது. ஆர்லிஸ் கணினியைத் தரவில்லை. சிக்னேயை முழங்கையால் அணைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்து, ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினாள்.

திரையில் பிரிட்டாவின் பெயரும் தேதியும் வந்தன. பிரிட்டா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஆர்லிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நம்பி இன்னொரு பிள்ளையும் எங்கயோ உக்காந்திருக்கும் இல்ல? அதுக்கும் ஒரு அம்மா இருப்பா."

"அம்மா!" பிரிட்டா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பாவந்தான்" என்றாள் ஆர்லிஸ், பேத்தியை இன்னும் இறுக்கிக்கொண்டு. "ஆனா விடமாட்டேன்."