தோளில் ஒரு தட்டு

எங்கள் கால்பந்துக் குழுவின் மைதானத்துக்கு மூன்று பக்கம் சுவர். செங்கல் சுவர் அல்ல, அறுபதடிப் பாறை. கல்லெடுத்து முடித்துக் கைவிட்ட குவாரிக் குழி அது. ஊரில் தட்டையான தரை வேறெங்கும் இல்லாததால், எங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் அங்கே கோல் கம்பம் நட்டுவிட்டார்கள். கிழக்குப் பக்கம் கோட்டுக்கும் பாறைக்கும் இடையில் கால் வைக்கக்கூட இடமில்லை. அதனால் அந்தப் பக்கம் பந்து வெளியே போகாது. பாறையில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் தொடரும். லீக்கில் எங்களுக்கென்றே எழுதிய விதி இது. எங்கே அடித்தால் பந்து எங்கே திரும்பும் என்பது எங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பாறையைத் தட்டிப் பார்த்து, விழாது என்று கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுக்க வேண்டும். இப்போது கல்லெடுக்கிற குவாரியில் வெடி வைத்த பிறகு தினமும் செய்கிற வேலைதான். கடப்பாரையால் தட்டினால் கெட்டிப் பாறை கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளவு விட்ட பாறை தொம்மென்று ஒலிக்கும். குவாரியிலும் மைதானத்திலும் தட்டுகிற ஆள் ஒருவர்தான், என் அக்கா புருஷன். இருபது வருடத்தில் அவர் சரியென்று சொன்ன பாறை ஒன்றுகூட விழுந்ததில்லை. பாம்புக்காது என்றுதான் ஊரே கூப்பிடும்.

பாம்புக்காதுக்குக் காது கேட்காது. அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

துளை போடும் இயந்திரம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். வேண்டுமென்றே கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று அக்கா ஆறு வருடமாகச் சண்டை போடுகிறாள். வெளியே தெரிந்தால் மறுநாளே வேலை போய்விடும். அதனால் குவாரியிலும் மைதானத்திலும் நான் சுண்ணாம்பு வாளியோடு அவர் பின்னால் நிற்பேன். அவர் தட்டுவார், நான் கேட்பேன். கெட்டி என்றால் அவர் தோளில் ஒரு தட்டு, பிளவு என்றால் இரண்டு. இரண்டு தட்டினால் மனுஷன் பெரிய வித்வான் மாதிரித் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, "இங்க ஒரு பெருக்கல் குறி போடு மாப்ள" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாக இருக்கும்.

அன்றைக்கு லீக்கின் கடைசி ஆட்டம். சிமெண்ட் ஆலைக்காரர்களை ஜெயித்தால் முதல் பிரிவில் இருப்போம், தோற்றால் இறங்கிவிடுவோம். பாறை சரியில்லை என்று எழுதினால் ஆட்டம் டவுன் புல்தரைக்கு மாறிவிடும். அங்கே நாங்கள் ஏழு வருடமாக ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. கேப்டன் நான். எனக்கு அந்தச் சுவர் வேண்டும்.

வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் அத்தான் மூன்று முறை தட்டினார். முதல் இரண்டும் கணீர். மூன்றாவது கொஞ்சம் இறங்கி ஒலித்தது. தொம் இல்லை, ஆனால் கணீரும் இல்லை. குவாரியாக இருந்தால் யோசிக்காமல் இரண்டு தட்டியிருப்பேன். சந்தேகம் வரவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. வந்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சிமெண்ட் ஆலைக்காரர்கள் பாறையை அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தார்கள். இத்தனை வருடம் நின்ற கல் இன்னும் ஒன்றரை மணி நேரம் நிற்காதா என்று நினைத்தேன்.

அவர் தோளில் ஒரு தட்டு தட்டினேன்.

"கெட்டியா இருக்கு" என்று நடுவரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் அத்தான்.

எங்கள் கோல்கீப்பர் நெட்டை, அக்காவின் ஒரே பிள்ளை. லாரி ஓட்டுகிறவன். கையைத் தூக்கினால் மேல் கம்பத்தைத் தொட்டுவிடுவான், வாயைத் திறந்தால் மூடமாட்டான். இடைவேளைக்குப் பிறகு வடக்குக் கோல் அவனுடையது. "மாமா, நீ ஒண்ணு போடு, நான் ஒண்ணும் விடமாட்டேன், கணக்கு சரியாப் போச்சு" என்று என்னைத் தள்ளிவிட்டு ஓடினான்.

எண்பதாவது நிமிடம் நான் போட்டேன். கிழக்குப் பாறையில் பந்தை அடித்து, திரும்பி வந்ததை அப்படியே உள்ளே உதைத்தேன். மைதானமே அலறியது. என்னைக் கீழே தள்ளி ஐந்து பேர் மேலே விழுந்தார்கள். அந்தச் சத்தத்தில் பாறை பெயர்ந்து விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து பார்த்தபோது மறுமுனையில் தூசி. ஆட்டம் எதிர் கோல் பக்கம் இருந்ததால், நெட்டை தண்ணீர் குடிக்கப் பாறை நிழலில் ஒதுங்கியிருந்திருக்கிறான். முதலில் ஓடிப் போனவர் அத்தான். கடப்பாரையைக் கொடுத்துக் கல்லை நெம்பினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கல்லைப் புரட்டியபோது அவன் உயிரோடு இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் கையெழுத்தைப் பார்த்தார்கள். "கணீர்னுதான் கேட்டுச்சு. தப்பு என்னோடது" என்றார் அத்தான். என் பெயரை எடுக்கவே இல்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. "பெத்த பிள்ளை நிக்கிற எடத்தையா அசட்டையா தட்டியிருப்பாரு? பாறை ஏமாத்திடுச்சு" என்று குவாரி மேலாளரே பேசி முடித்துவிட்டார். அக்கா மட்டும் புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். என்னிடம் மட்டும் அழுவாள். என் தோளில் சாய்ந்துதான் அழுவாள்.

பன்னிரண்டாம் நாள் அத்தான் வேலைக்கு வந்தார். வெடி வைத்த பாறைக்கு முன்னால் நாங்கள் இருவர் மட்டும். கடப்பாரையைத் தரையில் ஊன்றி என் பக்கம் திரும்பி, என் வாயையே பார்த்தார்.

"மாப்ள, அன்னிக்கு எத்தனை தட்டுன?"

சொல்லியிருக்கலாம். அடித்தே கொன்றிருந்தாலும் வாங்கிக்கொண்டிருக்கலாம். எனக்கு அக்கா முகம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அதுவும் பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்வதுதான் முதலில் வந்தது. கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினேன்.

அந்த விரல்களை வெகுநேரம் பார்த்தார். இரண்டு தட்டியவன் ஏன் சும்மா நின்றாய், ஏன் குறி போடவில்லை என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப நான்தான் கவனிக்கல" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தோளு மரத்துப் போச்சுடா. இனிமே கொஞ்சம் அழுத்தித் தட்டு."

பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, கடப்பாரையை ஓங்கிப் பாறையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, என் கைக்காகக் காத்து நின்றார்.