தோளுரசும் இடுக்கு

இந்த மேசை எப்படி இவ்வளவு ஒழுங்காக நிற்கிறது? நேற்று உலகமே செங்குத்தாக அல்லவா இருந்தது. எழுந்து நின்றால் விழுந்துவிடுவேனோ? விழுந்தாலும் சிரித்துக்கொண்டேதான் விழுவேன்.

அவள் முன்னால், மலை நடைக்கு வருகிறவர்களுக்கான வரைபடம் விரிந்து கிடந்தது. அச்சகம் மாமனாருடையது. இயந்திரம் கணவன் பொறுப்பு. படம் வரைவதும் அதில் பெயர் எழுதுவதும், கல்யாணமாகி வந்ததிலிருந்து, அவள் வேலை. காலால் மிதிக்காத இடத்துக்குப் பெயர் எழுதக்கூடாது என்பது மாமனார் வைத்த சட்டம். இத்தனை வருடமும் மிதித்தவர் அவர், எழுதியவள் அவள். அவருக்கு மூட்டுவலி வந்ததால் நேற்று முதல் முறையாக நாத்தனாரோடு அவளே போனாள்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்து உச்சியிலுள்ள விடுதி வரை, மலையைக் கத்தியால் கீறியதுபோல் ஒரு பிளவு. இருபுறமும் தோளை உரசும் பாறை. காலடியில் நிற்காமல் உருளும் சரளை. படத்தில் உயரம் காட்ட அவள் நெருக்கி நெருக்கிப் போட்டிருந்த கோடுகளெல்லாம் மொத்தமாக எழுந்து நின்றுகொண்டதுபோல இருந்தது. ஏறுகிறோமா, தொங்குகிறோமா என்றே புரியவில்லை.

மேலேயிருந்து நாத்தனார் குரல் வந்தது. "அண்ணி, கீழ பாக்காதீங்க."

"பாத்துட்டேனே."

"போச்சு. என்ன தெரியுது?"

"நம்ம வீடு. தீப்பெட்டி மாதிரி. உள்ள உங்கண்ணன் சாக்ஸ் தேடிட்டு இருப்பாரு."

நாத்தனாருக்குச் சிரிப்பில் பிடி நழுவியது. சறுக்கி வந்து அவள் தோளில் முட்டி நின்றாள். அதற்கும் சிரித்தார்கள். பயந்தது உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் யாரோ ஒருத்தி துள்ளிக்கொண்டிருந்தாள். இவளை இத்தனை நாள் எந்த அலமாரியில் மடித்து வைத்திருந்தேன்?

இன்று காலை அந்தப் பிளவின் மேல், ஏறுகிற திசையிலேயே, ஊர் அழைக்கிறபடி "இடுக்கு" என்று எழுதினாள். மை காய்வதற்குள் மாமனார் வந்து நின்றார்.

"விடுதிக்காரர் பேசினாரும்மா. ரூமுக்கு ரூம் நம்ம படத்தை மாட்டப் போறாராம். இதை மட்டும் குறுக்குவழின்னு போடச் சொல்றாரு. இடுக்குன்னா பல் இடுக்கு ஞாபகம் வருது, எவன் வருவான்னு கேக்குறாரு."

"அவர் அதுல ஏறியிருக்காரா மாமா?"

"அவரா? மாடிப்படி ஏறவே நடுவுல உக்காருவாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. குறுக்குவழி என்று படித்துவிட்டு, கைக்குழந்தையும் சக்கரப் பெட்டியுமாகப் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் கண்முன் வந்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

மாமனார் குரலைத் தணித்தார். "மாத்திக் குடுத்துரும்மா. மேல இந்த மாதிரி இன்னும் எவ்வளவோ இருக்கு. இனிமே எல்லாத்துக்கும் நீயே போ. மாத்தலைன்னா வேலையை வேற அச்சகத்துக்குக் குடுத்துருவாரு. அப்புறம் யாரு எதுக்கு மலை ஏறப் போறா?"

எல்லாத்துக்கும் நீயே போ. செருப்புக்குள் கட்டைவிரல் பாறையைத் தேடியது. வேண்டும். அத்தனையும் வேண்டும். தலை மறுபடி கிறுகிறுத்தது. ஒரே ஒரு சொல்தானே என்று, மை சுரண்டும் பிளேடு வரை கை போய்விட்டது. அங்கேயே நின்றது.

"வேணாம் மாமா," என்றாள் மெல்ல. "இடுக்குன்னே இருக்கட்டும்."